மண், பசை, பிள்ளைகளின் கை: கைவேலை வகுப்புக் கேள்விகளுக்குப் பதில்

பள்ளி திறந்ததிலிருந்து வந்து குவிந்த கேள்விகளில் பாதிக்கு மேல் களிமண்ணைப் பற்றியவை. அதனால் மண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

ஏழாம் வகுப்பில் 46 பிள்ளைகள். ஒரு பீரியட் 40 நிமிடம். களிமண் கொடுத்தால் வகுப்பறை நாற்றங்கால் ஆகிவிடுகிறது. பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வருகிறது. நிறுத்திவிடலாமா?
*நடுநிலைப் பள்ளி ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்*

நிறுத்தாதீர்கள் அம்மா. 40 நிமிட வகுப்பில் கை வேலை செய்யும் நேரம் 25 நிமிடம்தான் என்று முதலிலேயே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மண்ணைக் கொடுக்க ஐந்து நிமிடம், ஒதுங்கவைக்கப் பத்து நிமிடம். இந்தப் பத்து நிமிடத்தை வேலைக்குக் கடன் கொடுக்கும்போதுதான் சண்டையே வருகிறது.

ஒரு பிள்ளைக்குக் கால் கிலோ மண் போதும், ஒரு சாத்துக்குடி அளவு. 46 பேருக்குப் பன்னிரண்டு கிலோவுக்குள் முடிந்துவிடும். முதல் நாள் மாலையே தூண்டில் நரம்பால் மண்ணைத் துண்டு போட்டு, உருண்டை பிடித்து, ஈரச் சாக்கால் மூடி வைத்துவிடுங்கள். பதம் பார்க்க எளிய வழி உண்டு. சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு திரி உருட்டி, அதை உங்கள் விரலில் மோதிரம்போல் சுற்றுங்கள். வெடிக்காமல் சுற்றிக்கொண்டால் மண் தயார். வெடித்தால் கொஞ்சம் ஈரம் காட்டிப் பிசைய வேண்டும். கையில் ஒட்டினால் அரைமணி நேரம் காற்றாட விட வேண்டும்.

வகுப்பறை சேறாவதற்குக் காரணம் மண் அல்ல, தண்ணீர். ஆளுக்கொரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் எந்தப் பிள்ளையாக இருந்தாலும் ஊற்றத்தான் செய்யும். வரிசைக்கு ஓர் ஈரத்துணி போதும், விரலை அதில் தொட்டுக்கொள்ளட்டும். பெஞ்சின்மேல் செய்தித்தாளை விரிக்காதீர்கள். அது நனைந்து, கிழிந்து, மண்ணோடு கலந்துவிடும். பழைய சாக்கை வெட்டி விரியுங்கள், மண் ஒட்டாது.

கையைக் குழாயடியில் கழுவ விடாதீர்கள், மண் போய் வடிகாலை அடைத்துக்கொள்ளும். இரண்டு வாளித் தண்ணீர் வையுங்கள், முதல் வாளியில் மண் போகட்டும், இரண்டாவதில் கை சுத்தமாகட்டும். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடலாம். தரையில் சிந்திய மண்ணைக் காய்ந்த பிறகு பெருக்கக் கூடாது. களிமண் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்கு நல்லதல்ல. ஈரத்துணியால் துடைத்து எடுப்பதுதான் சரி.

பக்கத்து வகுப்பு ஆசிரியரைப் பற்றி ஒரு வார்த்தை. அடுத்த மண் வகுப்பின்போது அவரை ஐந்து நிமிடம் வந்து பார்க்கச் சொல்லுங்கள். கணக்கு நோட்டைத் திறக்கவே அஞ்சும் ஒரு பிள்ளை 25 நிமிடம் தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

கலைத் திருவிழாவுக்காகப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். யானை செய்தால் காய்வதற்குள் கால் கழன்றுவிடுகிறது, முதுகில் வெடிப்பு விழுகிறது. உள்ளே கம்பி வைத்தும் பார்த்தேன், பயனில்லை.
*பகுதிநேர ஓவிய ஆசிரியர், புதுக்கோட்டை மாவட்டம்*

கம்பி வைத்ததுதான் வெடிப்பைக் கூட்டியிருக்கும். களிமண் காயும்போது சுருங்கும். நூறு மில்லிமீட்டர் நீளத் திரி காய்ந்து முடிக்கும்போது ஐந்து முதல் பத்து மில்லிமீட்டர் குறைந்திருக்கும். கம்பி சுருங்காது. உள்ளே இருப்பது இடம் கொடுக்காதபோது வெளியே இருப்பது பிளந்துதான் ஆக வேண்டும்.

கால் கழல்வதற்குக் காரணம் வேறு. உடம்பை முதலில் செய்து வைத்துவிட்டு, கால்களைப் பிறகு செய்து ஒட்டுகிறார்கள். அதற்குள் உடம்பு பாதி காய்ந்திருக்கும், கால் புது ஈரத்தோடு இருக்கும். இரண்டும் வேறுவேறு அளவில் சுருங்கி ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடும். ஒட்ட வேண்டிய இரண்டு பக்கமும் ஒரே ஈரத்தில் இருக்கட்டும். உடைந்த சீப்பின் பல்லால் இரண்டிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள். களிமண்ணைத் தயிர்ப் பதத்துக்குக் கரைத்து அந்தக் கீறலில் தடவி அழுத்துங்கள். பிறகு கட்டைவிரலால் காலின் மண்ணை உடம்பின்மேலும், உடம்பின் மண்ணைக் காலின்மேலும் இழுத்துப் பூசிவிடுங்கள். வெறும் தண்ணீரைத் தொட்டு ஒட்டியது நிற்காது.

சிறு பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வழி, ஒரே உருண்டையிலிருந்து கால்களைக் கிள்ளி இழுப்பது. ஒட்டே இல்லையென்றால் கழலுவதும் இல்லை. யானை கொஞ்சம் குட்டையாக வரும், வரட்டும்.

உங்கள் மாவட்டத்திலேயே இதற்கெல்லாம் பெரிய பாடசாலை இருக்கிறது. ஐயனார் கோயில்களில் நிற்கும் சுடுமண் குதிரைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் அந்தக் குதிரைகளுக்குள் கம்பி கிடையாது, உள்ளே வெற்றிடம்தான். முதலில் நான்கு கால்களும் குழாய்களாக எழும்பும், அதன்மேல் உடம்பைச் சிறிது சிறிதாக ஏற்றிக் கட்டுவார்கள். மண்ணில் மணலும் உமியும் சேர்த்திருப்பார்கள். அவை சுருக்கத்தைக் குறைக்கும், ஈரம் வெளியேற வழியும் விடும். நீங்களும் சலித்த மணலைப் பத்துக்கு ஒரு பங்கு சேர்த்துப் பாருங்கள்.

உருவம் முடிந்ததும் வெயிலில் வைக்காதீர்கள், மின்விசிறிக்குக் கீழேயும் வேண்டாம். செய்தித்தாளைத் தளர்வாகப் போர்த்தி நிழலில் நான்கைந்து நாள் விடுங்கள். காது, தும்பிக்கை, வால்போல மெல்லியவை முதலில் காயும் என்பதால் அவற்றின்மேல் மட்டும் ஈரத்துணி சுற்றுங்கள். சூளைக்குக் கொடுப்பதாக இருந்தால், விரல் கனத்துக்கு மேல் எங்கேயும் மண் கட்டியாக இருக்கக் கூடாது. உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகும்போது உருவம் வெடித்து, பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் பொம்மையையும் உடைத்துவிடும்.

மைதாப் பசை மூன்றாம் நாளே நாறுகிறது. மயில்துத்தம் போடலாம் என்கிறார்கள்.
*ஆசிரியை, ஈரோடு*

போடாதீர்கள். சுவரொட்டி ஒட்டுபவர்களுக்கு அது சரி, ஆனால் மயில்துத்தம் நஞ்சு. சின்னப் பிள்ளைகளின் விரல் பசையிலிருந்து நேராக வாய்க்குத்தான் போகும். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்குக் காய்ச்சுங்கள். ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், கட்டி தட்டாமல் முதலில் குளிர்ந்த நீரில் கரைத்துவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். மிஞ்சியதைக் காகிதக்கூழில் கலந்துவிடலாம்.

என் மகள் ஐந்தாம் வகுப்பு. போன ஆண்டுவரை சுவரெல்லாம் வரைந்தவள், இப்போது "எனக்கு வரைய வராதும்மா" என்று அழுகிறாள். பள்ளியில் கொடுக்கும் செய்முறை வேலைகளை இரவு பதினொரு மணிவரை நான்தான் செய்து கொடுக்கிறேன். மற்ற அம்மாக்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.
*ஒரு தாய், கோயம்புத்தூர்*

இந்தக் கேள்வியைப் பல பெற்றோர் எனக்கு எழுதுகிறார்கள். உங்கள் மகளுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ஒன்பது, பத்து வயதில் பிள்ளையின் கண் கையை முந்திக்கொண்டு ஓடுகிறது. மாடு மாடுபோலவே இருக்க வேண்டும் என்று கண் கேட்கிறது, கைக்கு அது இன்னும் கூடவில்லை. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் கலைக்கல்வி கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்ட் இந்த வயதைத் தனிக் கட்டமாகவே பிரித்துக் காட்டியிருக்கிறார். பெரும்பாலான பிள்ளைகள் வரைவதைக் கைவிடுவது இங்கேதான்.

இந்த நேரத்தில் அம்மா செய்து கொடுத்த அழகான வேலை பள்ளியில் பாராட்டு வாங்கினால், பிள்ளைக்கு என்ன புரியும்? "என் கையால் செய்தது போதாது" என்றுதான் புரியும். பதினொரு மணிவரை கண்விழித்து உழைத்திருக்கிறீர்கள், அது அன்பினால்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள். கோணலாக ஒட்டிய அட்டையோடு அவள் பள்ளிக்குப் போகட்டும். ஆசிரியர் கேட்டால், "இதை இவளே செய்தாள்" என்று நீங்கள் சொல்லுங்கள்.

நானும் இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். ஆறாம் வகுப்பில் ஒரு பையன் படுத்திருக்கும் பசுவைச் செய்தான். கால்களை வயிற்றுக்குள் மடக்கி, தலையைத் திருப்பித் தன் முதுகையே நக்குவதுபோல் வைத்திருந்தான். மாட்டோடு வளர்ந்த பிள்ளைக்குத்தான் அப்படி வரும். கொம்பு மட்டும் ஒன்று நீளம், ஒன்று குட்டை. நான் போகிற போக்கில் இரண்டையும் சமமாக்கி, நுனியைக் கூராக்கி வைத்துவிட்டுப் போனேன். வகுப்பு முடிந்து பார்த்தால் பசு பெஞ்சிலேயே கிடந்தது. மற்றவர்கள் தங்கள் பொம்மைகளை எடுத்துப்போய்விட்டார்கள், அவன் எடுக்கவில்லை. மறுநாள் கேட்டேன். "எங்க வீட்டு மாட்டுக்குக் கொம்பு அப்படித்தான் சார் இருக்கும்" என்றான். அதன் பிறகு ஒரு பிள்ளையின் வேலைமேல் நான் கை வைத்ததில்லை. ஏதாவது காட்ட வேண்டுமென்றால் எனக்கென்று தனியாக ஒரு மண் உருண்டை வைத்துக்கொண்டு அதில்தான் காட்டுவேன்.

மகளுக்கு இப்போதைக்கு வரைவதற்குப் பதில், கிழித்து ஒட்டும் வேலை, மண் வேலை, ஓலை முடைதல் ஆகியவற்றைக் கொடுத்துப் பாருங்கள். இவற்றில் "சரியாக வந்ததா" என்ற அச்சம் குறைவு. கை தைரியம் பெற்றால் பென்சிலும் திரும்பி வரும்.

இயற்கை வண்ணம் என்ற தலைப்பில் கண்காட்சி வைத்தோம். மஞ்சள், பீட்ரூட், சங்குப்பூ எல்லாம் அழகாக வந்தன. இரண்டு வாரம் சன்னலோரம் இருந்ததில் பாதி வெளுத்துவிட்டது. என்ன தவறு?
*அறிவியல் ஆசிரியர், மதுரை*

தவறு ஒன்றுமில்லை. பூவும் கிழங்கும் தரும் சாயம் வெளிச்சத்தில் நிற்காது, மஞ்சள் அதிலும் சீக்கிரம் போய்விடும். அவற்றை நிலைக்கும் படமாக நினைக்காமல் சோதனையாகச் செய்து காட்டுங்கள். மஞ்சள் கரைசலில் ஒரு துளி சுண்ணாம்பு பட்டால் ஆரத்திச் சிவப்பு, சங்குப்பூ நீரில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாகும். சுண்ணாம்பை மட்டும் நீங்களே கையாளுங்கள், கண்ணில் பட்டால் ஆபத்து.

நிலைக்க வேண்டுமானால் மண்ணுக்குப் போங்கள். செம்மண், காவிக்கல், அடுப்புக்கரி. விழுப்புரம் மாவட்டத்தில் கீழ்வாலைப் பாறைகளில் செங்காவியால் தீட்டிய உருவங்கள் இன்றும் தெரிகின்றன. செய்முறை எளிது. செம்மண்ணை நிறையத் தண்ணீரில் கலக்கி, மனதுக்குள் இருபதுவரை எண்ணுங்கள். மணல் அடியில் தங்கிவிடும். மேலே இருக்கும் கலங்கல் நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றி, இரவு முழுதும் தெளிய விடுங்கள். அடியில் படிவது வெண்ணெய்போல் வழவழப்பாக இருக்கும். ஊறவைத்த வேலம்பிசினைச் சேர்த்துக் குழைத்தால் தூரிகைக்கு ஏற்ற வண்ணம். பிசின் குறைந்தால் காய்ந்த பிறகு விரலில் ஒட்டும், கூடினால் வெடிக்கும். அளவைப் பிள்ளைகளே சோதித்துக் கண்டுபிடிக்கட்டும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் பிள்ளைகளின் கைகளை வார்த்து எடுக்கலாமா?
*தனியார் பள்ளி ஆசிரியை, சென்னை*

கூடாது. அந்தப் பொடி தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது சூடாகும், மொத்தமாக இருந்தால் சூடு 60 டிகிரி வரை ஏறும். அதற்குள் பிளாஸ்டர் கல்லாக இறுகிவிடும் என்பதால் கையை இழுக்கவும் முடியாது. 2007இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி வகுப்பில் இப்படிக் கையை விட்ட 16 வயது மாணவி தன் விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தார். கைத்தடம் வேண்டுமென்றால் இரண்டு விரல் கனக் களிமண் பலகையில் பிள்ளை கையை அழுத்தி எடுக்கட்டும். கையை எடுத்த பிறகு, அந்தப் பள்ளத்தில் நீங்கள் பிளாஸ்டரை ஊற்றுங்கள்.

எட்டாம் வகுப்பில் தஞ்சாவூர்ப் பொம்மை செய்ய முடியுமா?
*ஓவிய ஆசிரியர், தஞ்சாவூர்*

தாராளமாக. நடனப் பெண்ணை விடுங்கள். தலை, உடல், பாவாடை எல்லாம் தனித்தனியே கம்பி முனையில் ஆட வேண்டும், அது கைதேர்ந்தவர்கள் வேலை. சாய்ந்தாடும் ராஜா ராணியை எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய ரப்பர் பந்தைச் சரிபாதியாக நீங்கள் வெட்டிக் கொடுங்கள். அடியில் களிமண்ணை அழுத்தி நிரப்பி, மேலே அட்டைக் கூம்பை ஒட்டி, அதன்மேல் காகிதக்கூழால் முகமும் தோளும் செய்யச் சொல்லுங்கள். கூழுக்குச் செய்தித்தாளை இரவெல்லாம் ஊறவைத்து அரைத்து, ஊறவைத்த வெந்தயத்தையும் அரைத்துச் சேர்க்கலாம். நம் பாட்டிமார் பழந்தாள் கூடைகளை அப்படித்தான் செய்தார்கள். மொத்தப் பொம்மையின் எடை மையம், பந்தை வெட்டிய விளிம்பின் மட்டத்துக்குக் கீழே இருக்கும்வரை எப்படித் தள்ளினாலும் அது எழுந்துவிடும். மேலே போனால் விழுந்து கிடக்கும்.

இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். யாராவது ராஜாவுக்குப் பெரிய கிரீடம் வைப்பார்கள், பொம்மை எழாது. ஏன் என்று அவர்களே கிரீடத்தைக் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் அறிவியல் ஆசிரியரைக் கூப்பிடுங்கள்.

இடக்கைப் பழக்கமுள்ள மாணவனுக்குக் கத்தரிக்கோல் பிடிக்கவே தெரியவில்லை.
*ஆசிரியை, தூத்துக்குடி*

அவனுக்குத் தெரியும், கத்தரிதான் அவனுக்கானது அல்ல. வலக்கைக் கத்தரியை இடக்கையில் பிடித்தால் விரல் அழுத்தம் இரண்டு அலகையும் விலக்கிவிடும். தாள் நடுவில் மடிந்துகொள்ளும், வெட்டும் கோடும் கண்ணுக்கு மறையும். தலைகீழாகப் பிடித்தாலும் மாறாது. இடக்கைக் கத்தரி கடைகளில் கிடைக்கிறது, பள்ளிச் செலவில் இரண்டு வாங்கி வையுங்கள்.

மதிப்பெண் எப்படிப் போடுவது? எல்லாப் பொம்மையும் ஒரே மாதிரி இருக்கிறது.
*ஆசிரியர், சேலம்*

ஒரே மாதிரி இருந்தால் அது உங்கள் பொம்மை. மாதிரியைக் கரும்பலகையருகே வகுப்பு முழுதும் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒட்டுவதையும் மடிப்பதையும் காட்டுங்கள், காட்டியதும் மாதிரியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். மதிப்பெண் போடும் முன் ஒவ்வொரு பிள்ளையிடமும், "எந்த இடத்தில் சிரமப்பட்டாய், என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். உடைந்த பொம்மைக்குக்கூட முழு மதிப்பெண் கொடுக்க வேண்டிய பதில்கள் வரும்.

பிள்ளை கொண்டுவரும் பொம்மைகளை வைக்க வீட்டில் இடமில்லை. தெரியாமல் எறிந்துவிடலாமா?
*ஒரு தந்தை, திருச்சி*

தெரியாமல் வேண்டாம். எதை வைத்துக்கொள்வது என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும், அதன் அடியில் தேதியை எழுதி வையுங்கள். சுடாத மண் பொம்மைகளை எறியவே வேண்டியதில்லை. நன்றாகக் காய்ந்தபின் வாளித் தண்ணீரில் போடுங்கள், பிள்ளையும் பக்கத்தில் இருக்கட்டும். முதலில் குமிழ்கள் ஏறும், பிறகு காது உதிரும், முதுகு செதில் செதிலாகச் சரியும், கொஞ்ச நேரத்தில் அடியில் மெத்தென்று குவிந்துவிடும். மறுநாள் மேல்தண்ணீரை வடித்து, பழைய வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் பிசையும் பதத்துக்கு வந்துவிடும்.