பில்சன் போகிறீர்களா? முதலில் ஊர், அப்புறம் பீர் ஆலை

செக் நாட்டுப் பயணம் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பில்சன் நகரத்தைப் பற்றியே இருந்தன. பிராகில் குடியிருக்கிறேன், நம் ஊரிலிருந்து வரும் குடும்பங்களைப் பில்சனுக்கு அழைத்துப் போய்க் காட்டுவது என் வேலை. அதனால் இந்தக் கேள்விகளை ஆசையோடு எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: பிராகிலிருந்து ஒரே நாளில் பில்சன் போய்வரப் பதிவு செய்திருக்கிறோம். காலையில் வழிகாட்டியோடு ஊர் நடை, மதிய உணவு, பிறகு பீர் ஆலை, ருசி பார்த்தல் என்று திட்டம். நடையை விட்டுவிட்டு நேரே ஆலைக்குப் போகலாம் என்கிறார்கள் கூட வரும் நண்பர்கள். போகலாமா?

வேண்டாம். ஆலையில் உங்களுக்குச் சொல்லப்போகும் கதை தொடங்குவதே ஊரின் நடுவிலுள்ள சதுக்கத்தில்தான்.

1295-இல் மன்னர் இரண்டாம் வென்செஸ்லாஸ் இந்த ஊரை நிறுவியபோதே, இங்கே வீடு வைத்திருந்த குடிமக்களுக்குப் பீர் காய்ச்சும் உரிமையும் கிடைத்தது. வீட்டிலேயே காய்ச்சினார்கள், வீட்டுக்கு அடியில் தோண்டிய நிலவறையில் வைத்துப் பாதுகாத்தார்கள். காலப்போக்கில் அந்த அறைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, பழைய ஊருக்கு அடியில் சுமார் 20 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாதைகளாகிவிட்டன. அதில் ஒரு சிறு பகுதியைத்தான் திறந்து வைத்திருக்கிறார்கள். பீர் அருங்காட்சியகத்திலிருந்து தலைக்கவசம் மாட்டிக்கொண்டு கீழே இறங்க வேண்டும். கிணறுகள், கற்சுவர்கள், குனிந்து போக வேண்டிய வளைவுகள் எல்லாம் இருக்கின்றன. வெளியே கொளுத்தும் ஜூலையிலும் உள்ளே சில்லென்று இருக்கும். அந்தக் குளிரை உடம்பில் வாங்கிக்கொண்டு போனால், பிற்பகலில் ஆலை வழிகாட்டி "இந்தப் பீருக்குக் குளிர்ச்சிதான் உயிர்" என்று சொல்லும்போது விளக்கமே தேவைப்படாது.

அப்புறம், சதுக்கத்தில் நகர மன்றக் கட்டடத்தின் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பதினாறாம் நூற்றாண்டுக் கட்டடம், சுவர் முழுக்கக் கீறி வரைந்த சித்திரங்கள். 1838-இல் இதே இடத்தில் 36 பீப்பாய் பீரைத் தரையில் கொட்டினார்கள். கெட்டுப்போய்க் குடிக்க முடியாத சரக்கு அது. வீட்டுக்கு வீடு ஒவ்வொரு தரத்தில் காய்ச்சியதில் ஊர் பொறுமை இழந்துவிட்டது. மறு ஆண்டே காய்ச்சும் உரிமை பெற்ற குடிமக்கள் ஒன்றுகூடி, எல்லோருக்கும் பொதுவாக ஓர் ஆலை கட்டுவது என்று முடிவெடுத்தார்கள். நீங்கள் பிற்பகலில் பார்க்கப்போவது, இன்று பில்ஸ்னர் உர்கெல் என்ற பெயரில் விற்கும் பீரைக் காய்ச்சும் அந்த ஆலையைத்தான். ஒரு தனி முதலாளியின் யோசனையாக இல்லாமல், ஓர் ஊரே சேர்ந்து "இனி நல்லதாகத்தான் காய்ச்சுவோம்" என்று எடுத்த முடிவு. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே இதுதான்.

சதுக்கத்தின் நடுவில் புனித பர்த்தலமேயு பேராலயம். கோபுரம் 102 மீட்டர் உயரம், செக் நாட்டுத் தேவாலயங்களிலேயே உயரமானது. 301 படி ஏறினால் ஆலையின் புகைபோக்கி வரை தெரியும். ஏற முடியாதவர்கள் பேராலயத்தின் பின்பக்க இரும்புக் கிராதிக்குப் போங்கள். அதில் வரிசையாகக் குட்டித் தேவதைத் தலைகள். ஒன்று மட்டும் தொட்டுத் தொட்டுத் தேய்ந்து பளபளக்கும். தொட்டால் நல்லது நடக்கும் என்பது ஊர் நம்பிக்கை. பள்ளிப் பிள்ளைகள் முதல் தாத்தாக்கள் வரை தொட்டுவிட்டுத்தான் போகிறார்கள். 1893-இல் கட்டி முடித்த யூதப் பேராலயமும் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. இரட்டைக் கோபுரத்தோடு நிற்கும் அதன் உட்புறத்தைத் தவற விடாதீர்கள்.

சதுக்கத்திலிருந்து பிராக் தெரு வழியாக ரட்புஸா ஆற்றைத் தாண்டினால் நிதானமான நடையில் கால் மணி நேரத்தில் ஆலை வாசல். அங்கே முதன்முதலில் பீர் காய்ச்சியதன் ஐம்பதாவது ஆண்டு நினைவாக 1892-இல் எழுப்பிய இரட்டை வளைவு வாசல் அது. பீர் புட்டி லேபிளில் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: வேதியியல் படிக்கிறேன். பொன்னிறப் பீர் முதன்முதலில் பில்சனில்தான் வந்தது என்கிறார்கள். ஏன் அங்கே?

நாலு விஷயங்கள் ஒரே ஊரில் கூடியதால்.

முதலாவது தண்ணீர். பில்சனின் தண்ணீர் மிகவும் மென்மையானது, கரைந்த உப்புகள் குறைவு. உப்பு மிகுந்த தண்ணீரில் ஹாப்ஸ் பூவின் கசப்பு முரட்டுத்தனமாகத் தெரியும். இங்கே அது வழுக்கிக்கொண்டு இறங்கும். அதனால் ஹாப்ஸைத் தாராளமாகப் போட முடிந்தது. அந்த ஹாப்ஸும் தொலைவிலிருந்து வரவில்லை, வடக்கே ஜாட்டெட்ஸ் பகுதியில் விளைவது.

அடுத்தது மால்ட். பார்லியை முளைகட்டிக் காயவைப்பதுதான் மால்ட். நேரடி நெருப்புப் புகையில் காயவைத்தால் கருகும், நிறம் ஏறும். பில்சனில் புகை படாமல் சூடான காற்றில் காயவைக்கும் புதுமுறை உலையை அமைத்தார்கள். மால்ட் வெளிறி வந்தது, பீர் பொன்னாக வந்தது.

மூன்றாவது ஈஸ்ட், அதாவது பீரை நொதிக்கவைக்கும் நுண்ணுயிர். ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து யோசெஃப் க்ரோல் என்ற இளைஞரை வரவழைத்தார்கள். அப்போது அவருக்கு 29 வயது. குளிரில் மெதுவாக வேலை செய்து பாத்திரத்தின் அடியில் படியும் ஈஸ்ட்டைப் பயன்படுத்துவதில் தேர்ந்தவர். நாலாவது, அந்த ஈஸ்ட் கேட்கும் குளிரைத் தரும் நிலவறைகள். ஆலைக்கு அடியில் மட்டும் சுமார் 9 கிலோமீட்டர் வெட்டினார்கள். குளிர்ப்பதன இயந்திரம் வருவதற்கு முன் குளிர்காலப் பனிக்கட்டியை அறைகளில் நிரப்பிக் குளிர்ச்சியைக் காத்தார்கள்.

1842 அக்டோபர் 5-இல் க்ரோல் முதல் தடவை காய்ச்சினார். நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளில் ஊருக்கு ஊற்றினார்கள். மங்கலான கறுப்புப் பீர் பழகிய கண்களுக்கு முன்னால் தெளிவான பொன்னிறம். இன்று உலகத்தில் விற்கும் பீரில் பெரும்பகுதி இந்த வகையைப் பின்பற்றித்தான் காய்ச்சப்படுகிறது.

வேதியியல் மாணவர் என்பதால் ஒன்று சொல்கிறேன். கொப்பரைக் கூடத்தில் மூன்று முறை கொதிக்கவைக்கும் முறையைப் பற்றிக் கேளுங்கள். மால்ட் மாவும் தண்ணீரும் சேர்ந்த கூழில் ஒரு பகுதியைத் தனியே எடுத்து, நேரடிச் சுடரில் செம்புக் கொப்பரையில் கொதிக்கவிட்டு, மறுபடி கூழில் சேர்க்கிறார்கள். இதை மூன்று தடவை செய்கிறார்கள். நேரமும் எரிபொருளும் அதிகம் பிடிக்கும் வேலை என்று உலகத்தில் பெரும்பாலான ஆலைகள் கைவிட்டுவிட்டன. இங்கே விடவில்லை. செம்பின் சூட்டில் சர்க்கரை லேசாகப் பழுத்துத் தரும் அந்த வாசனைக்கு மாற்று கிடையாது.

கேள்வி: என் கணவர் பீர் குடிப்பார், நான் தொடமாட்டேன். எனக்கு அங்கே என்ன இருக்கிறது? கூட வந்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா?

ஆலைச் சுற்று ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம். அதில் குடிப்பதற்கான நேரம் கடைசிச் சில நிமிடங்கள்தான். மீதி எல்லாம் கண்ணுக்கும் மூக்குக்கும் காதுக்கும். மால்ட்டை வாயில் போட்டு மென்று பார்க்கலாம். மொறுமொறுப்பாக, லேசான இனிப்போடு இருக்கும். ஹாப்ஸை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால் புல்லும் பிசினும் கலந்த காட்டமான மணம். புட்டி நிரப்பும் கூடத்தில் மணிக்கு 1,20,000 புட்டி ஓடும் வேகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் அசந்துபோவார்கள்.

எனக்கு அதைவிடப் பீப்பாய் செய்யும் தச்சர்களைப் பற்றிய பகுதிதான் பெரிது. ஓக் மரப் பீப்பாய்களைக் கையாலேயே செய்து பழுதுபார்க்கும் ஆட்கள் இந்த ஆலையில் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். பலகைகளுக்கு நடுவே ஆணி கிடையாது, பசை கிடையாது; இரும்பு வளையத்தின் இறுக்கம் மட்டும்தான். உள்பக்கம் பிசின் பூசுவார்கள், மரத்தின் சுவை பீரில் இறங்காமலிருக்க. குடிக்காதவர்கள் இதையெல்லாம் இன்னும் கூர்ந்து பார்க்கிறார்கள் என்பது நான் கண்டது. கோப்பை நீட்டும்போது "வேண்டாம்" என்றால் யாரும் வற்புறுத்தமாட்டார்கள். மேசையில் உட்காரும்போது கொஃபோலா கேளுங்கள், செக் நாட்டின் சொந்த மூலிகைக் கோலா.

கேள்வி: ருசி பார்த்தல் என்கிறார்களே, இலவசமாக ஒரு கோப்பை பீர் என்பதைத் தாண்டி அதில் என்ன?

இந்த நாளின் உச்சமே அதுதான். தொண்ணூறுகளில் ஆலை எஃகுத் தொட்டிகளுக்கு மாறிவிட்டது. ஆனாலும் நிலவறையில் கொஞ்சத்தைப் பழைய முறைப்படியே திறந்த மரத்தொட்டியில் நொதிக்கவிட்டு, ஓக் பீப்பாயில் முதிரவைக்கிறார்கள். புதுமுறையில் வரும் பீரின் சுவை மாறாமல் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அது அளவுகோல். அந்தப் பீப்பாயிலிருந்துதான் உங்களுக்கு ஊற்றுகிறார்கள். வடிகட்டாதது, சூடாக்கிப் பதப்படுத்தாதது. கடைக்கு வராது.

நிலவறை ஆள் குழாயைத் திறந்ததும் சத்தமில்லாமல் இறங்கும். வாங்கியவுடன் குடித்துவிடாதீர்கள். விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: லேசாகக் கலங்கிய பொன், மேலே நெருக்கமான வெள்ளை நுரை. முகர்ந்து பாருங்கள், முதலில் ரொட்டி வாசனை, பின்னால் பச்சைப் புல். முதல் மிடறைச் சின்னதாக எடுத்து நாக்கு முழுக்கப் படவிட்டு விழுங்குங்கள். இனிப்பு முன்னால் வரும், கசப்பு தாமதமாக வந்து தொண்டையில் தங்கும். கடையில் குடித்த அதே பெயருள்ள பீரைவிட இது கனமாகவும் மிருதுவாகவும் இருப்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். இதன் சாராய அளவு 4.4 சதவீதம்தான், அதில் பெருமை தேடுவதற்கு ஒன்றுமில்லை. காய்ச்சியவர் பட்ட பாட்டை நாக்கால் தெரிந்துகொள்வதுதான் விஷயம்.

பிறகு ஊருக்குள் ஏதாவது பீர்க் கடையில் உட்கார்ந்தால், அதே பீரை மூன்று விதமாக ஊற்றச் சொல்லிப் பாருங்கள். ஹ்லாடின்கா என்றால் மூன்று விரல் கனத்துக்கு நுரை. ஷ்னிட் என்றால் நுரை அதிகம், பீர் குறைவு. ம்லீகோ என்றால் ஏறக்குறைய கோப்பை முழுக்க நுரை, இனிப்பாக இருக்கும், அடங்குவதற்குள் குடித்துவிட வேண்டும்.

வயிறு காலியாக இருக்கும்போது நிலவறைக்கு இறங்காதீர்கள். சாப்பாட்டை ஆலைச் சுற்றுக்கு முன்பே வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி சாப்பிடமாட்டோம். மாமியார் சுத்த சைவம். மதிய உணவுக்கு என்ன செய்வது?

பெரும்பாலான குழுக்களுக்கு ஆலை வளாகத்திலேயே, முன்பு பீர் நொதிக்கவைத்த நிலவறைகளில் நடக்கும் நா ஸ்பில்ட்சே உணவகத்தில்தான் சாப்பாடு. வளைந்த கூரை, நீள மேசைகள், ஐநூறு பேருக்கு மேல் உட்காரும் இடம்.

செக் சாப்பாட்டில் ஸ்விச்கோவா, குலாஷ் இரண்டும் பொதுவாக மாட்டிறைச்சி. வறுத்த பன்றியும் முட்டைக்கோசும் இன்னொரு முக்கிய உணவு. இவை இல்லாமல் கோழியோ வாத்தோ கேட்கலாம். சைவத்துக்கு, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக்கட்டி, கூடவே உருளைக்கிழங்கு. பூண்டும் மார்ஜோரம் இலையும் போட்ட உருளைக்கிழங்கு அடை இன்னும் சுவை. ஆனால் கவனம்: இரண்டிலும் முட்டை உண்டு. காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் எலும்புச் சாற்றில் வைத்திருக்கலாம். மாமியார் முட்டையும் தொடமாட்டார் என்றால், பதிவு செய்யும்போதே எழுதிச் சொல்லிவிடுங்கள். அங்கே போய் நின்றுகொண்டு கேட்டால் வேகவைத்த உருளைக்கிழங்கும் சாலடும்தான் கிடைக்கும், அது ஒரு நாள் நடைக்குப் போதாது.

கேள்வி: அப்பாவுக்கு எழுபது வயது. நடக்க முடியுமா?

பழைய ஊர் சமதளம்தான், தூரங்களும் குறைவு. சிரமம் கல் பாவிய தெருக்களில்தான். அடிப்பகுதி மெத்தென்ற, வழுக்காத காலணி போடச் சொல்லுங்கள். கோபுரத்தையும் ஊருக்கு அடியிலுள்ள பாதைகளையும் அவர் விட்டுவிடலாம். ஆலைக்குள் புட்டிக் கூடத்துக்குப் பேருந்தில் கூட்டிப்போகிறார்கள். நிலவறைக்கு ஸ்வெட்டர் கட்டாயம், எந்த மாதமானாலும்.

கேள்வி: பிராகிலிருந்து வாடகைக் கார் எடுத்துப் போகலாமா?

ரயிலில் போங்கள். செக் நாட்டில் வண்டி ஓட்டுபவரின் இரத்தத்தில் சாராயம் துளியும் இருக்கக் கூடாது என்பது சட்டம். நிலவறையில் ஒரு கோப்பை ருசி பார்த்தாலும் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. பில்சன் சுமார் 90 கிலோமீட்டர். 2018-இல் எய்போவிட்சே சுரங்கப்பாதை திறந்த பிறகு ரயில் நேரம் குறைந்துவிட்டது, ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். நிலையத்திலிருந்து ஆலைக்கு நடந்தே போகலாம். 18 வயது முடிந்தவர்களுக்கு மட்டுமே பீர் ஊற்றுவார்கள் என்பதால், இளவட்டங்கள் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளட்டும்.