லீஃப் மோட்டாரை வைத்து எல் மிராஜில் 150 மைல்: அட்வான்ஸ் கொடுக்கும் முன்

கேள்வி: கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறேன். எஞ்சின் இல்லாத 1956 ஃபோர்ட் எஃப்-100 பிக்கப் ஒன்று கிடைத்தது. அதை மின்வண்டியாக்கி எல் மிராஜ் வறண்ட ஏரியில் 150 மைல் வேகம் தொட வேண்டும் என்று ஆசை. புரோக்கர் ஒருவர் நிசான் லீஃப் மின்காரின் மோட்டார், கியர்பாக்ஸ், இன்வெர்ட்டர், 'லோ மைலேஜ்' (குறைந்த தூரமே ஓடிய) பேட்டரி எல்லாம் சேர்த்து 9,000 டாலர் என்கிறார். இன்வெர்ட்டரின் போர்டை மாற்றினால் 200 குதிரைத்திறன் வரும், 150 நிச்சயம் என்று சொல்லி 2,000 டாலர் அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா? பேட்டரி வண்டியோடு போனால் அங்கே இருக்கும் பழைய ஆட்கள் மதிப்பார்களா?

பதில்: கொடுக்காதீர்கள்.

200 குதிரைத்திறன் என்பது பொய்யில்லை. லீஃப் இன்வெர்ட்டரில் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி அது) வேறு போர்டு போட்டு அந்த அளவுக்கு எடுத்தவர்கள் உண்டு. 150 மைல்தான் வராது. ஏன் என்பதை நீங்களே ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம்.

லீஃப் மோட்டார் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10,400 சுற்று வரைதான் போகும். கூடவே வரும் கியர்பாக்ஸில் ஒரே ஒரு கியர். மோட்டார் கிட்டத்தட்ட 8 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. ஆக, சக்கரத்துக்கு அதிகபட்சம் 1,300 சுற்று. உங்கள் டயரின் விட்டம் 28 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு வண்டி 7.3 அடி நகரும். பெருக்கினால் மணிக்கு 108 மைல். அதற்கு மேல் குதிரைத்திறனைக் கூட்டி என்ன பயன்? சைக்கிளை ஏற்றத்துக்கான கியரில் வைத்துக்கொண்டு இறக்கத்தில் மிதிப்பது போலத்தான். கால் பறக்கும், வேகம் ஏறாது. 150-க்கு அந்த 8 என்பது 5.8-க்கு இறங்க வேண்டும். லீஃப் கியர்பாக்ஸை விட்டுவிட்டு மோட்டாரை வேறு வழியில் பின் ஆக்சிலோடு இணைக்கலாம், அது தனி வேலை, தனிச் செலவு. டெஸ்லா மாடல் எஸ் மின்காரின் பெரிய டிரைவ் யூனிட்டில், அதாவது மோட்டாரும் கியரும் சேர்ந்த பாகத்தில், விகிதம் 9.7 என்றாலும் அந்த மோட்டார் மிக வேகமாகச் சுற்றக்கூடியது. அதனால்தான் பிந்தைய மாடல் எஸ் வண்டிகள் கம்பெனியிலிருந்தே 155 மைல் வரை போயின.

அப்புறம் காற்று. காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். 100-ல் இருந்து 150 என்றால் பாதி கூடுதல் வேகம், ஆனால் மூன்று மடங்குக்கும் மேல் சக்தி. எஃப்-100 அழகான வண்டிதான், காற்றுக்கு முன்னால் அது ஒரு சுவர். 150-ல் அதற்குச் சக்கரத்தில் 200 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும் என்பது என் கணக்கு. புரோக்கர் சொல்லும் 200 குதிரைத்திறன் 150 கிலோவாட்கூட இல்லை. எல் மிராஜில் உங்களுக்குக் கிடைப்பது 1.3 மைல் தளர்ந்த மண், அதற்குள் இவ்வளவும் நடக்க வேண்டும்.

சரி, மோட்டாரைக் கூட மன்னித்துவிடலாம். எனக்குக் கவலை அந்த 'லோ மைலேஜ்' பேட்டரிதான். இந்தச் சந்தையில் ஏமாறுகிறவர்களில் பெரும்பாலோர் பேட்டரியில்தான் ஏமாறுகிறார்கள்.

பழைய லீஃப் பேட்டரிகளுக்குத் தண்ணீர்க் குளிரூட்டல் கிடையாது. முதல் தலைமுறை வண்டிகள் அரிசோனா வெயிலில் வேகமாகத் திறன் இழந்து பெரிய வழக்கு வரை போனது. மைலேஜ் குறைவு என்பதால் பேட்டரி நன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை. பீனிக்ஸில் வெயிலில் நிறுத்திவைத்த வண்டிக்கும் மைலேஜ் குறைவுதான். டேஷ்போர்டில் திறனைக் காட்டும் 12 கோடுகள் முழுசாக இருப்பதாகப் படம் அனுப்புவார்கள். அதையும் நம்பாதீர்கள். பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ்.ஸை ரீசெட் செய்தால் தேய்ந்த பேட்டரியும் கொஞ்ச நாளைக்கு 12 கோடு காட்டும். நாலைந்து வாரம் ஓட்டினால் ஒவ்வொன்றாக இறங்கும். அதற்குள் புரோக்கரின் போன் நம்பர் மாறியிருக்கும்.

அதைவிட மோசம் வெள்ளத்தில் நின்ற வண்டிகள். 2022-ல் இயன் புயலுக்குப் பிறகு ஃப்ளோரிடாவில் கடல்நீர் ஏறிய மின்வண்டிகள் நாட்கள் கழித்துத் தானாகத் தீப்பிடித்தன. உப்புநீர் பேட்டரிக்குள் போனால் காய்ந்த பிறகும் உப்பு உள்ளேயே இருந்து ஷார்ட் ஆக்கும். அதனால்தான் அப்படிப்பட்ட வண்டியை வீட்டிலிருந்து 50 அடியாவது தள்ளி நிறுத்தச் சொல்கிறார்கள். நீங்கள் அதைக் கராஜுக்குள், படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் வைக்கப் போகிறீர்கள். முழு வண்டியாக வந்தால் ஓனர் பத்திரத்தில் 'வெள்ளம்' என்று முத்திரை இருக்கும். பிரித்து பேட்டரியாக விற்றால் எந்த முத்திரையும் இல்லை! ஒரு மாநிலத்தில் விழுந்த முத்திரை இன்னொரு மாநிலத்தில் மறு பதிவு செய்யும்போது காணாமல் போகும் கூத்தும் நடக்கிறது. அதைத் தடுக்கத்தான் என்.எம்.வி.டி.ஐ.எஸ். என்று நாடு தழுவிய பதிவேடு ஒன்றை வைத்தார்கள். ஆனால் பேட்டரியைத் தனியாகக் கழற்றி விற்பவனிடம் வண்டி எது என்று கேட்க இன்றுவரை ஆளில்லை.

எனவே அது எந்த வண்டியுடையது என்று காட்டும் வின் நம்பர் (வண்டியின் அடையாள எண்) இல்லாத பேட்டரி வேண்டாம். நம்பர் கிடைத்தால் அந்தப் பதிவேட்டிலும், காப்பீட்டு மோசடிகளைக் கவனிக்கும் என்.ஐ.சி.பி. அமைப்பு இலவசமாகத் தரும் வின்செக் தளத்திலும் தட்டிப் பாருங்கள். நேரில் போகும்போது உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு கேபிள்களின் கனெக்டரை விற்பவரே கழற்றிக் காட்டட்டும், நீங்கள் கை வைக்காதீர்கள். ஊசிகளில் பச்சைக் களிம்போ வெள்ளைப் பொருக்கோ கண்டால் அங்கேயே திரும்பிவிடுங்கள். சர்வீஸ் பிளக்கை (பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் செருகி) உருவிவிட்டால் ஷாக் அடிக்காது என்று சொல்பவரிடமும் வாங்காதீர்கள். பிளக்கை உருவினாலும் பேட்டரியின் உள்ளே மின்சாரம் இருக்கத்தான் செய்யும். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போய் மெகர் என்ற மின்கசிவு சோதிக்கும் கருவியை வைத்து இன்சுலேஷன் பார்க்கச் சொல்லுங்கள். 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை இல்லாதவர் மெக்கானிக்கே இல்லை.

அப்படியானால் அடிபட்ட வண்டியின் பொருளே வாங்கக் கூடாதா? ஒரு விதிவிலக்கு உண்டு. விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் போக வேண்டிய வழி இதுதான். பின்பக்கம் மோதி, இன்ஷூரன்ஸ் கழித்துவிட்ட முழு வண்டியை, இன்னும் ஸ்டார்ட் ஆகும் நிலையில் வாங்குங்கள். ஏன் பின்பக்கம்? முன்பக்கம் மோதினால் மோட்டாரும் இன்வெர்ட்டரும் அடிபட்டிருக்கலாம். பக்கவாட்டில் மோதினால் தரைக்கு அடியிலிருக்கும் பேட்டரி நசுங்கியிருக்கலாம். ஏர்பேக் வெடித்திருந்தால் வண்டி தானாகவே உயர் மின்னழுத்தத்தைத் துண்டித்துவிடும், எதையும் சோதிக்க முடியாது. பின்பக்கம் நசுங்கி, ஏர்பேக் வெடிக்காத வண்டியில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. உட்கார்ந்து பட்டனை அழுத்தினால் 'ரெடி' விளக்கு எரிய வேண்டும். பிறகு போனில் லீஃப் ஸ்பை செயலியைப் போட்டு, வண்டியின் கணினியோடு இணைக்கும் ஓ.பி.டி. டாங்கிளையும் மாட்டினால் 96 செல் ஜோடிகளும் வரிசையாகக் கோடுகளாகத் தெரியும். எல்லாம் ஒரே உயரத்தில் இருந்தால் நல்லது. யார்டிலேயே முன்னும் பின்னும் ஓட்டி, ஆக்சிலேட்டரை அழுத்தும்போது பாருங்கள். ஒரு ஜோடி மட்டும் மற்றதைவிடச் சட்டென்று கீழே இறங்கினால், உங்கள் வேகம் முழுக்க அந்த ஒரு ஜோடியின் கையில். வாங்க வேண்டாம். முழு வண்டியாக வாங்கினால் சார்ஜர், வயரிங், ஆக்சிலேட்டர் பெடல் எல்லாம் கூடவே வந்துவிடும். மீதியை விற்று வாங்கிய விலையில் ஒரு பங்கைத் திரும்ப எடுக்கவும் செய்யலாம். மாடல் எஸ் வாங்கினாலும் சோதிக்கும் முறை இதேதான், செயலி வேறு. ஆனால் அதில் பெரிய மோட்டார் பின்னால் இருப்பதால், பின்பக்கம் அடிபடாத வண்டியாகப் பாருங்கள்.

புதுப் பொருள் வாங்கலாமே என்று தோன்றும். ஃபோர்டு 2021-ல் எலுமினேட்டர் என்ற பெயரில் 281 குதிரைத்திறன் மோட்டாரை 3,900 டாலருக்கு விட்டது. கேட்க மலிவு. ஆனால் அந்த விலையில் இன்வெர்ட்டரும் இல்லை, பேட்டரியும் இல்லை. மோட்டார் விலை ஒரு தூண்டில் என்பது இந்தத் தொழிலில் பெரிய கம்பெனிக்கும் புரோக்கருக்கும் பொதுவான பழக்கம்.

மரியாதை விஷயத்தில் கவலைப்படாதீர்கள். மணிக்கு 100 கிலோமீட்டரை முதலில் தாண்டிய கார் மின்சாரக் கார்தான்: 1899-ல் காமில் ஜெனாட்ஸி ஓட்டியது. டிராக் ரேஸின் பெரியவர் டான் கார்லிட்ஸ் 2019-ல், 87 வயதில், மின்சார டிராக்ஸ்டரில் கால் மைலில் 189 மைல் தொட்டார். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களின் மின்சார வண்டியான பக்கை புல்லட் 2016-ல் பான்வில் உப்புத்தரையில் 341 மைல் போனது. உடைந்த வண்டியிலிருந்து எஞ்சினை உருவிப் பழைய உடம்பில் பொருத்துவதுதான் ஹாட் ராட். நீங்கள் செய்யப் போவதும் அதுதான். சத்தம் வராது என்று இரண்டு பேர் முணுமுணுப்பார்கள், விடுங்கள்.

எல் மிராஜில் சார்ஜ் போட இடம் தேடாதீர்கள், ஜெனரேட்டர் கொண்டுபோக வேண்டும். சாதனை ஒரே ஓட்டத்தில் கணக்காகும் என்பது பேட்டரி வண்டிக்கு வசதி. பான்வில்லில் மறுநாள் காலை இன்னொரு முறை ஓடி, இரண்டின் சராசரி எடுப்பார்கள். அங்கே உப்பு ஈரமாக ஒவ்வொரு இடுக்கிலும் அப்பிக்கொள்ளும், மின்சாரமும் கடத்தும். முதல் வருடம் அங்கே வேண்டாம்.

எல் மிராஜில் ஓட, அங்கே பந்தயத்தை நடத்தும் எஸ்.சி.டி.ஏ. சங்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு கிளப்பில் உறுப்பினராக வேண்டும். புதியவரை முதல் ஓட்டத்திலேயே 150 போக விடமாட்டார்கள், படிப்படியாகத்தான் லைசென்ஸ். மே முதல் நவம்பர் வரை பந்தயம் நடக்கும். இந்த சீசனில் சும்மா போய்ப் பாருங்கள். இந்த வருடத்து விதிப்புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குங்கள். யாரோ அனுப்பிய பழைய பி.டி.எஃப்.ஐ நம்பி ரோல் கேஜை (வண்டி உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டு) வெல்டிங் செய்துவிட்டு, ஆய்வில் தோற்று, டிரெய்லரில் வண்டியை ஏற்றித் திரும்பிப் போகிறவர்களை அங்கே பார்க்கலாம். குழாய் வெட்டுவதற்கு முன்பே உங்கள் கேஜ் வரைபடத்தையும், அவசரத்துக்கு வெளியிலிருந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் எங்கே வரும் என்பதையும் ஆய்வாளரிடம் காட்டிவிடுங்கள்.