மழைக்கு மட்டும் பொங்கும் பாதாள சாக்கடை: கேள்வி பதில்

பாதாள சாக்கடைக் குழாய் பதிப்பதிலும் பழுது பார்ப்பதிலும் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவன் நான். ஐப்பசி மழை நெருங்குவதால் கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

பீளமேடு: அண்ணா வணக்கங்க. மழை பெய்தால் மட்டும் கீழ்வீட்டுக் கழிவறையில் தண்ணீர் மேலேறி வருது. அடைப்புங்களா?

அடைப்பென்றால் வெயிலிலும் வருமுங்க. இது மழைத்தண்ணீர் சாக்கடைக் குழாயில் புகுந்த வேலை. 1000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் 5 செ.மீ. மழை கொட்டினால் சுமார் 4,600 லிட்டர். ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவாகும் என்று வைத்துத்தான் குழாயை வடிவமைக்கிறார்கள். அந்தக் கணக்கில் நாலு பேர் உள்ள வீட்டின் ஒரு நாள் கழிவு 430 லிட்டர் சொச்சம். பத்து நாள் சாக்கடை ஒரே மணியில் இறங்குகிறது! தெருவில் நாலைந்து பேர் மாடிக் குழாயைச் சேம்பரில், அதாவது வீட்டுக் கழிவு சேரும் சாக்கடைத் தொட்டியில், விட்டிருந்தால் போதும், பள்ளத்து வீட்டுக் கழிவறைதான் அதற்கு வாசல். முதலில் உங்கள் மாடிக் குழாய் எங்கே போகிறதென்று பாருங்கள்.

திருப்பூர்: எங்க மாடிக் குழாயைக் கொத்தனார் சேம்பரில்தான் விட்டிருக்கார். என்ன பண்ணுவது?

வெட்டி மழைநீர் சேகரிப்புக் குழிக்குத் திருப்புங்கள். 2003-லேயே கட்டாயமாக்கியாச்சு.

ஈரோடு: எங்க வீட்டிலும் மழைக்குப் பொங்குது. அடைப்பா?

பீளமேட்டுக்காரருக்குச் சொன்னதுதான்.

சிங்காநல்லூர்: மழை நின்று வாரமாகியும் இங்கே பம்பிங் ஸ்டேஷன் மோட்டார் ஓய்வதில்லை. ஏனுங்க?

நல்ல கேள்வி. நம்ம கோவைப் பக்கம் பெரும்பாலும் சுக்காம்பாறை, நிலத்தடி நீர் ஆழத்தில் கிடக்கும், குழாயை எட்டாது. குளத்தங்கரை வேறு கதை. குளம் நிரம்பினால் சுற்றிலும் நீர்மட்டம் குழாய்க்கு மேலே ஏறி, பழைய ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) குழாயின் சிமெண்ட் இணைப்பிலும், செங்கல் மேன்ஹோலின் சுவரிலும் கசிந்து இறங்கும். புதுக் குழாய்க்கே ஒரு மேன்ஹோலுக்கு நாளைக்கு 250 முதல் 500 லிட்டர் கசிவு என்று கணக்கில் சேர்ப்பார்கள். பழசு அதோடு நிற்காது. விடிகாலை 3 மணிக்கு ஊர் தூங்கும்போது குழாயில் சிறு ஓட்டம்தான் இருக்க வேண்டும். ஒருமுறை குளத்தை ஒட்டிய மேன்ஹோலில் டார்ச் அடித்தபோது முழங்கை கனத்துக்குத் தெளிந்த தண்ணீர் ஓடியது, நாற்றமே இல்லை. கசிகிற தண்ணீர் மண்ணையும் இழுத்து வருவதால் மேலே ரோடு உள்வாங்கும்.

கேமரா விட்டுப் பார்ப்பவர்கள் சித்திரையில் விடுகிறார்கள். அப்போது குழாய் யோக்கியமாகத்தான் தெரியும். குளம் ததும்பும்போது விடணும்.

கவுண்டம்பாளையம்: தெருவில் முழங்கால் தண்ணீர். மேன்ஹோல் மூடியைத் தூக்கினால் அரை மணியில் வடியுது. என்ன தப்புங்க?

வடியவில்லைங்க, அடுத்த தெருவுக்குப் போகிறது. கலங்கல் தண்ணீருக்கடியில் திறந்த குழி கண்ணுக்குத் தெரியாது. ஒரு குழந்தை கால் வைத்தால்?

அவரே மறுபடி: வீட்டுக்குள்ள தண்ணீர் ஏறும்போது அடுத்த தெருவைப் பார்க்க முடியுங்களா? வடிகாலே இல்லாத தெரு எங்களுது.

ஆத்திரம் நியாயம்தான். ஆனால் தெருக் குழாய் எட்டு அங்குலம். அதில் மழையோடு மணலும் பாலித்தீனும் இறங்கினால், தை மாதம் வெயிலடிக்கும்போதும் உங்களுக்குத்தான் பொங்கும். உக்கடம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் நாளைக்கு 7 கோடி லிட்டருக்குக் கட்டியது. மிஞ்சுவது நொய்யல் ஆற்றுக்கு. வடிகால் கேட்டுச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். மூடியைத் தொடாதீர்கள்.

துடியலூர்: கவுண்டம்பாளையத்துக்காரர் சொல்வது சரி. நாங்களும் தூக்குவோம்.

தெரிகிறது, அதனால்தான் கீழ்த்தெரு நாறுகிறது.

பொள்ளாச்சி: சேம்பருக்குள் நானே இறங்கிப் பார்க்கலாமா?

கூடாது. விஷவாயு மூக்கை மரக்கச் செய்துவிடும், நாற்றம் தெரியும் என்று நம்பாதீர்கள். காசு கொடுத்து ஆளையும் இறக்காதீர்கள், மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம்.

சூலூர்: எந்த வீட்டுக் குழாய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

புகைச் சோதனை. மேன்ஹோலில் புகையை ஊதினால், திருட்டு இணைப்புள்ள மாடிக் குழாயின் வாயில் வரும். ஒரு தெருவில் ஊதினோம். "தீப்பிடிச்சிருச்சு" என்று ஒரு பாட்டி குடத்தோடு மாடியேறினார். முந்தின நாள் எங்களிடம் அதிகம் சண்டை போட்டதே அவர் மகன்தான்.

அவினாசி: செப்டிக் டேங்க் எத்தனை அடி ஆழம்?

என் துறை இல்லைங்க, இன்ஜினியரைக் கேளுங்கள்.

கரூர்: மழைக்கு மட்டும் கழிவறையில்...

மாடிக்குப் போங்கள். குழாய் எங்கே இறங்குகிறதென்று பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.