மழைக் கணக்கு சரி, பயிர் ஏன் காய்ந்தது?

நீர்வளம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வடகிழக்குப் பருவமழை சராசரியைவிட 9 சதவீதம்தான் குறைவு என்கிறார்கள். எங்கள் நெல்லோ மணி பிடிக்காமல் சாவியாகிவிட்டது. இது வறட்சிக் கணக்கில் வராதா? (பரமக்குடி வாசகர்)

பதில்: வர வழி இருக்கிறது. வானிலைத் துறைக்கு, சராசரியிலிருந்து 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் ‘இயல்பு’தான். 20 முதல் 59 வரை குறைந்தால் பற்றாக்குறை, 60-ஐத் தொட்டால் பெரும் பற்றாக்குறை. 2016-இல் குழப்பமே இல்லை. வடகிழக்கு மழை 62 சதவீதம் பொய்த்தது. 2017 ஜனவரி 10-இல் அப்போதிருந்த 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அறிவிக்கப்பட்டன.

உங்களுடையது சிக்கலான வகை. ஐப்பசியில் இரண்டே நாள் கொட்டித் தீர்த்துவிட்டு, கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வானம் வெளுத்துவிட்டால் மொத்தக் கணக்கு அதைக் காட்டாது. அதனால்தான் மத்திய அரசின் 2016 வறட்சி மேலாண்மைக் கையேடு, தொடர்ந்து 3, 4 வாரம் வாராந்தர இயல்பில் பாதிகூடப் பெய்யாததைத் தனி அளவுகோலாக வைத்திருக்கிறது. பருவ மொத்தம் இயல்பாக இருந்தாலும் அந்த இடைவெளி விழுந்திருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். அங்கே விதைப்புப் பரப்பு, செயற்கைக்கோள் காட்டும் பயிர்ப் பசுமை, மண் ஈரம், நீர்த்தேக்க – நிலத்தடி நீர் நிலை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். பிறகு 10 சதவீத கிராமங்களில் வயலில் இறங்கிச் சரிபார்ப்பு. ராபி (குளிர்காலச் சாகுபடி) பருவ அறிவிப்புக்குக் கெடு மார்ச் 31.

இரண்டு இடத்தில் தப்பு நேரும். ஒன்று, சீமைக்கருவேலம். நெல் கருகினாலும் அது பச்சையாகவே நிற்கும். பயிர் நிலத்தைத் தனியே பிரிக்காமல் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தால் வட்டாரமே செழிப்பாகத் தெரியும். உங்கள் பக்கம் இதைச் சொல்லவே வேண்டாம்! மற்றொன்று மழைமானி. பக்கத்து மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரமாவது தள்ளி இருக்க வேண்டும். தினமும் காலை 8.30-க்கு அளந்து, மழையில்லாத நாளில் ‘0’ என்று எழுத வேண்டும். கட்டத்தைக் காலியாக விட்டால், மழையில்லையா, அளக்கவில்லையா என்று பிறகு யாருக்கும் தெரியாது. மனு கொடுக்கும்போது பருவ மொத்தத்தை விட்டுவிட்டு, தினசரிப் பதிவின் நகலை வாங்கி வாரவாரியாகக் கூட்டி இணையுங்கள். கிராமத்தின் சாகுபடிப் பதிவேடான அடங்கலில் உங்கள் சாகுபடி ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சென்னை ஏரிகளில் 60 சதவீதம் தண்ணீர் என்றால் எத்தனை நாள் வரும்? (அம்பத்தூர் வாசகர்)

பதில்: பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை ஐந்துக்கும் சேர்த்து முழுக் கொள்ளளவு 11,757 மில்லியன் கன அடி. 60 சதவீதம் என்பது சுமார் 7,050. ஒரு மில்லியன் கன அடி 2.83 கோடி லிட்டர். நகருக்கு நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் என்று வைத்தால் 35 மில்லியன் கன அடி போகும். ஏரியை மட்டும் நம்பினால் 200 நாள். கடல்நீரைக் குடிநீராக்கும் நெம்மேலி ஆலைகள் இரண்டும் முழுத் திறனில் 25 கோடி, வீராணம் ஏரியிலிருந்து வரும் குழாய் 18 கோடி லிட்டர் தந்தால் இந்த ஏரிகளில் எடுப்பது நாளுக்கு 20 மில்லியன் கன அடியாகக் குறையும்; கணக்கு 350 நாள் வரை நீளும்.

இது காகிதக் கணக்கு. கோடையில் ஒரு நாளில் 5 மி.மீ. ஆவியானால், 10 சதுர கி.மீ. நீர்ப்பரப்பிலிருந்து 5 கோடி லிட்டர் போய்விடும். மதகு மட்டத்துக்குக் கீழே கிடப்பது தானாக வராது, மோட்டார் வைத்துத்தான் இறைக்க வேண்டும். ஆந்திரத்துக் கண்டலேறு தண்ணீரை, அது தமிழக எல்லைக்குள் நுழையும் ஊத்துக்கோட்டை ஜீரோ பாயிண்டைத் தாண்டிய பிறகு கணக்கில் சேர்ப்பதே புத்திசாலித்தனம். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் வந்தது நினைவிருக்கும். 50 வேகன், 25 லட்சம் லிட்டர்: 100 கோடியில் 400-இல் ஒரு பங்கு.

கேள்வி: எங்கள் குறுவட்டத்தை (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) நிலத்தடி நீர்ப் பட்டியலில் ‘அதிநுகர்வு’ என்று போட்டிருக்கிறார்கள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதே? (ஆத்தூர் வாசகர்)

பதில்: அது கிணற்றைப் பார்த்துப் போடுவதில்லை. ஆண்டில் எடுக்கத்தக்க நிலத்தடி நீரில் எத்தனை சதவீதம் எடுக்கிறோம் என்பதே அளவு. 70 வரை பாதுகாப்பு, 90 வரை மித அபாயம், 100 வரை அபாயம், அதற்கு மேல் அதிநுகர்வு. உங்கள் கிணற்றை மே, ஜனவரி இரண்டு மாதமும் ஒரே தேதியில் அளந்து வாருங்கள். இரவு முழுக்க மோட்டார் ஓடாமல் இருந்து, விடிந்ததும் நாடா விட்டுப் பார்க்க வேண்டும். இறைத்த கையோடு அளந்தால் வருவது ஊற்று மட்டம் அல்ல.