நன்றாகப் பேசத் தெரிந்தால் போதுமா?

கேள்வி: திருட்டு, பொருள் சேதம், அடிதடி என்று சிக்கிக்கொண்ட 14 முதல் 17 வயதுப் பிள்ளைகளைப் பாதிக்கப்பட்டவர்களோடு உட்காரவைத்துப் பேசும் மறுசீரமைப்பு நீதித் திட்டம் ஒன்றில் சேரலாமா என்று யோசிக்கிறேன். சட்டம் தெரியாது. ஆனால் பிள்ளைகளிடம் நன்றாகப் பேசுவேன். எப்படித் தயாராவது?

பதில்: தாராளமாகச் சேரலாம். சட்டம் தெரியாதது ஒரு குறையே இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிப்பட்ட இளையோர் குழுக்களில் ஓர் அலுவலரோடு குறைந்தது இரண்டு தன்னார்வலர்கள் அமர்கிறார்கள். அவர்கள் சாதாரணப் பொதுமக்கள்தான். எனக்குக் கொஞ்சம் கவலை தருவது "நன்றாகப் பேசுவேன்" என்ற வரி. அங்கே பேச வேண்டியவர் நீங்கள் இல்லையே!

1974இல் கனடாவின் எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களைச் சேதப்படுத்தினார்கள். சேதப்பட்டவர்களின் வீட்டுக் கதவைத் தட்டி நேரில் பேச அவர்களை அனுப்பினார்கள். கூடப் போன நன்னடத்தை அலுவலரும் தன்னார்வலரும் ஒதுங்கி நின்றார்கள். பேச வேண்டியவர்கள் பேசினார்கள். அந்த ஒதுங்கி நிற்றல்தான் உங்கள் வேலை.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் அறிவுரையில் இறங்கிவிடுகிறார்கள். பிள்ளை தலையைக் குனிந்து "தெரியல" என்பான். உடனே நமக்கு வாய் துறுதுறுக்கும். காத்திருங்கள். அந்த மௌனம் அவனைவிட நம்மைத்தான் அதிகம் வதைக்கும். "ஏன் செய்தாய்?" என்று கேட்காதீர்கள், அது அவனைச் சாக்குத் தேடவைக்கும். என்ன நடந்தது, அப்போது மனதில் என்ன ஓடியது, இதனால் யார் யாருக்கு என்ன ஆனது, சரிசெய்ய என்ன செய்யலாம்: சுற்றிச் சுற்றி இவைதான் கேள்விகள். இவற்றை உங்கள் சொந்த நடையில், அதட்டாத குரலில் கேட்கப் பழகுங்கள்.

கூடிப் பேசும் அந்த ஒரு மணி நேரத்தைவிட அதற்கு முன் நடக்கும் தனிச் சந்திப்புகள்தான் கனமானவை. செய்ததை ஒப்புக்கொள்ளாத பிள்ளையை இந்த அமர்வுக்குக் கொண்டுவரக் கூடாது. பாதிக்கப்பட்டவர் மனமுவந்து வர வேண்டும்; கடைசி நிமிடத்தில் வேண்டாமென்றாலும் மதிக்க வேண்டும். பிள்ளைக்குப் பாடம் புகட்டும் கருவியாக அவரைப் பயன்படுத்துவது, என்னைக் கேட்டால், இரண்டாவது முறை அவரைக் காயப்படுத்துவதுதான். நேரில் வர பயந்தால் கடிதமோ, அவர் சார்பில் வேறொருவரோ போதும்.

மன்னிப்பை வற்புறுத்தி வாங்காதீர்கள். கட்டாயத்தில் சொன்ன மன்னிப்பு என்பது பாதிக்கப்பட்டவருக்கு உடனே தெரிந்துவிடும். சரிசெய்யப் பிள்ளை என்ன செய்வான் என்று அமர்வில் எழுதும் ஒப்பந்தம் சிறியதாக, செய்த சேதத்தோடு தொடர்புள்ளதாக, தேதி போட்டதாக இருக்கட்டும். உடைத்த ஜன்னலுக்கு ஈடுகட்டும் வேலை கொடுக்கலாம். ஊர் பார்க்கத் தெருவைக் கூட்டவைப்பது அவமானப்படுத்தல் மட்டுமே.

சில எல்லைகள் உண்டு. பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்படுங்கள். பிள்ளையைத் தனியாகச் சந்திக்காதீர்கள், சொந்தக் கைபேசி எண்ணையும் பணத்தையும் கொடுக்காதீர்கள். பேசுவது வெளியே போகாது என்று சொல்லும்போதே, "உனக்கு யாராவது தீங்கு செய்வதாகத் தெரிந்தால் மட்டும் உரியவர்களிடம் சொல்லியாக வேண்டும்" என்பதையும் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் ஏமாற்றியதாகத்தான் எடுத்துக்கொள்வான்.

சேருமுன் அமைப்பாளர்களிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். முதலில் சில அமர்வுகளைச் சும்மா உட்கார்ந்து பார்க்க விடுவார்களா? ஒப்பந்தத்தைப் பிள்ளை காப்பாற்றாவிட்டால் என்ன நடக்கும்? வந்த வாரமே அமர்வை நடத்தச் சொன்னால் வேறு இடம் பாருங்கள். மாலை நேரம் அதிகம் ஒதுக்க முடியாதவராக இருந்தால், ஒப்பந்தம் நிறைவேறுகிறதா என்று தொடர்ந்து கவனிக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். ஆள் குறைவாகக் கிடைக்கும் வேலை அதுதான்.