வேலையை விட்டு அனுப்பியவரைப் பற்றி ஊரறிய எழுதலாமா?

கேள்வி: 14 பேர் வேலை செய்யும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். தாமதமாக வருவதும் வாடிக்கையாளர்களிடம் எரிந்து விழுவதுமாக இருந்த ஒருவரை, இரண்டு முறை எச்சரித்த பிறகு போன மாதம் நிறுத்தினேன். ‘சம்பள பாக்கி தராமல் துரத்திவிட்டார்கள்’ என்று அவர் ஃபேஸ்புக்கில் எழுதிவிட்டார். அது பொய். நானும் அவர் பெயரைப் போட்டு, அவர் செய்ததை எல்லாம் எழுதினேன். ‘அதை எடுத்துவிடு’ என்கிறார்கள் நண்பர்கள். என் நிறுவனம், என் பணம். ஆளை நிறுத்துவதும் அதைப் பற்றிப் பேசுவதும் என் உரிமை இல்லையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நண்பர்கள் சொல்வதைக் கேளுங்கள். இன்றே எடுத்துவிடுங்கள்.

நிறுத்தியது சரியா என்பது வேறு கேள்வி. அதில் நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் காரணம் சொல்லாமலேயே ஒருவரை அனுப்பலாம். இனம், மதம், பாலினம் போன்ற காரணங்களுக்காக மட்டும் கூடாது. அங்கேயே மொன்டானா மாநிலம் 1987-இல் தனிச் சட்டம் போட்டு, தகுதிகாண் காலம் முடிந்தவரை அனுப்பத் தகுந்த காரணம் வேண்டும் என்றது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1982-ஆம் ஆண்டு உடன்படிக்கை ஒருபடி மேலே போய், நடத்தையையோ வேலைத் திறனையோ காரணம் காட்டி அனுப்பும் முன் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. நீங்கள் இரண்டு முறை எச்சரித்திருக்கிறீர்கள், நல்லது. அவர் என்ன பதில் சொன்னார் என்பது மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை.

நான் 26 வருடம் பணியாளர் பிரிவில் இருந்தவன். ஆரம்பத்தில் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில், கிடங்குப் பொறுப்பில் இருந்த இளைஞர் ஒருவரைச் சரக்கு குறைகிறது என்று நிறுத்தினார்கள். ‘இருப்புக் குறைவு காரணமாக நீக்கப்பட்டார்’ என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டவும் செய்தார்கள். தட்டச்சு செய்தது நான்தான். மூன்று மாதம் கழித்துத் தணிக்கையில் பார்த்தால், ஒரே சரக்கு இரண்டு முறை வரவு வைக்கப்பட்டிருந்தது. சரக்கு குறையவே இல்லை. நோட்டீஸைக் கிழித்தோம், திரும்ப வரச் சொல்லிக் கடிதம் போட்டோம். அவர் வரவில்லை. அந்த நோட்டீஸில் நான் அடித்த அவர் பெயர் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

அது ஒரு கட்டடத்துக்குள் இருந்த காகிதம். நீங்கள் எழுதியது அவர் அடுத்து வேலை கேட்டுப் போகும் இடத்துக்கெல்லாம் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். ‘அவரும்தானே எழுதினார்’ என்பீர்கள். அவர் சொல்வதைக் கோபத்தில் சொல்கிறார் என்று உலகம் எடுத்துக்கொள்ளும். முதலாளி சொன்னால், பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறார் என்று நம்பும். இரண்டு பேச்சுக்கும் எடை ஒன்றில்லை.

2023 மார்ச்சில் எலான் மஸ்க் இதைத்தான் செய்தார். ஐஸ்லாந்தைச் சேர்ந்த ட்விட்டர் ஊழியர் ஒருவர், தனக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று அந்தத் தளத்திலேயே கேட்டார். அவர் வேலையே செய்யவில்லை, உடல் குறைபாட்டைச் சாக்காகச் சொல்கிறார் என்று பலர் முன்னிலையில் எழுதினார் மஸ்க். அந்த ஊழியருக்குத் தசைச்சிதைவு நோய். சீக்கிரமே, தனக்குத் தவறான தகவல் தரப்பட்டதாகச் சொல்லி மஸ்க் மன்னிப்புக் கேட்டார். அவ்வளவு பெரிய நிறுவனத்தின் தலைவருக்கே விவரம் முழுதாகத் தெரிந்திருக்கவில்லை.

சரி, சம்பள பாக்கி என்ற பொய்யை என்ன செய்வது? அதை மட்டும் மறுங்கள். ‘அவருக்குச் சேர வேண்டிய தொகை இந்தத் தேதியில் முழுதாகக் கொடுக்கப்பட்டது’ என்று ஒரு வரி போதும். ரசீதின் நகலைப் பதிவுத் தபாலில் அவருக்கு அனுப்புங்கள். தாமதம், கோபம், பழைய சண்டை எதுவும் அதில் வர வேண்டாம். வாடிக்கையாளர் கேட்டால், ‘இப்போது எங்களிடம் இல்லை, இனி இவரிடம் பேசுங்கள்’ என்று அடுத்தவர் எண்ணைக் கொடுங்கள். உங்கள் பெயரில் பணம் வசூலித்தவராக இருந்தால், இனி அவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று அறிவிக்கத்தான் வேண்டும். அப்போதும் காரணம் எழுதத் தேவையில்லை.

அப்புறம், மீதி 13 பேரும் உங்கள் பதிவைப் படித்திருப்பார்கள். நாளை நாம் போனாலும் இப்படித்தான் எழுதுவார் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

கேள்வி: புதிய இடத்தில் விசாரித்தபோது, பழைய நிறுவனம் என்னைப் பற்றித் தவறாகச் சொன்னதாகத் தெரிகிறது. கேட்க முடியுமா?
- ஒரு வாசகி

பதில்: முடியும். நற்சான்று எழுதும் நிறுவனம் கவனமாக எழுதக் கடமைப்பட்டது என்று அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1994-இல் தீர்ப்பளித்தது. ஜெர்மனியில் எழுத்துச் சான்று கேட்டுப் பெறுவது ஊழியரின் சட்ட உரிமை. மேலுக்கு ஒன்று, உள்ளே வேறு அர்த்தம் என்று அதில் எழுதக்கூடாது. உங்கள் நாட்டுச் சட்டத்தை ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் கேளுங்கள். அதற்கு முன், பழைய நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதி, உங்களைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.