தடுப்பூசி முகாமுக்குக் கிளம்பும் முன் உங்களுக்கு ஊசி போட்டாயிற்றா?

கேள்வி: மதுரையில் வங்கி வேலையில் இருக்கிறேன். நாய்கள் என்றால் எனக்கு உயிர். இரண்டு வார விடுப்பில் கோவா போய், தெருநாய்களுக்கு ரேபிஸ் தடுப்பூசி போடும் முகாமில் தன்னார்வலராகச் சேர ஆசை. கால்நடை மருத்துவம் படிக்காத நான் அங்கே எதற்காவது பயன்படுவேனா? எப்படித் தயாராவது?

பதில்: கட்டாயம் பயன்படுவீர்கள். ஆனால் ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போய் ரேபிஸ் முன்தடுப்பு ஊசி போட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் ஒன்று, 7-ம் நாள் ஒன்று, 21 அல்லது 28-ம் நாள் ஒன்று என மூன்று ஊசி. அப்படியானால் கிட்டத்தட்ட ஒரு மாதம் முன்பே தொடங்கியாக வேண்டும். இதைப் போட்டிருந்தாலும், கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்று ஒன்று, 3-ம் நாள் ஒன்று என இரண்டு ஊசி போட்டே ஆகவேண்டும். கடித்த இடத்திலேயே போடும் எதிர்ப்பொருள் மருந்தான இம்யூனோகுளோபுலின் மட்டும் தேவைப்படாது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் தெரியுமா? நான் வேலை பார்த்த ஒரு முகாமில், குட்டியைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்ட ஒரு பையனுக்கு மணிக்கட்டில் பல் கீறிவிட்டது. சொல்லக் கூச்சப்பட்டு இரண்டு நாள் முழுக்கைச் சட்டையில் மறைத்துவிட்டான். அவன் முன்தடுப்பு ஊசியும் போட்டிருக்கவில்லை. நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்கும். ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

ஊசி போடுவது, அறுவை செய்வது எல்லாம் மருத்துவருக்கும் பயிற்சி பெற்றவர்களுக்கும் உரியவை. ஆசையாக இருந்தாலும் கேட்காதீர்கள். உங்களுக்கான வேலை வேறு. சொல்லப்போனால், வங்கிக்காரருக்கென்றே அமைந்த வேலை. எண்ணுவது!

ஓர் ஊரில் 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி போய்ச் சேர்ந்தால்தான் நோய் பரவும் சங்கிலி அறும். நாய்கள் வேகமாகச் சாகின்றன, வேகமாகக் குட்டி போடுகின்றன. போன வருடம் எட்டிய 70 இந்த வருடம் தானாகவே சரிந்துவிடும். அதனால் வருடா வருடம் போட வேண்டும், போட்டது போதுமா என்று எண்ணியும் பார்க்க வேண்டும்.

விடியற்காலையில் வலைக்காரர்கள் நாயைப் பிடிப்பார்கள். ஊசி இறங்கியதும் ஒருவர் அதன் தலையில் பெயின்ட் குச்சியால் ஒரு கோடு இழுப்பார். இன்னொருவர் செல்போனில் ஆணா பெண்ணா, குட்டியா பெரியதா, எந்த இடம் என்று பதிவார். பிறகு வேறொரு குழு அதே தெருக்களில் சுற்றி, கோடு உள்ள நாய் எத்தனை, இல்லாதது எத்தனை என்று கணக்கெடுக்கும். குறைந்தால் மறுபடியும் அந்தத் தெருவுக்கே போக வேண்டும். நாயைப் பார்த்ததும் கொஞ்சத் தோன்றும், எனக்கும் தோன்றும். கையை அடக்கிக்கொண்டு எண்ணுங்கள்.

கோவாவில் பலன் தந்தது இந்தக் கணக்குதான். 2013-ல் மிஷன் ரேபிஸ் அமைப்பு தொடங்கிய பணி, கோவா அரசோடு சேர்ந்து ஆண்டுக்கு 95,000-க்கும் மேற்பட்ட நாய்களுக்குத் தடுப்பூசி என்ற அளவுக்கு வளர்ந்தது. பள்ளிப் பிள்ளைகள் 1,50,000 பேருக்கு ஆண்டுதோறும் கடிபட்டால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்தார்கள். 2019-க்குள் நாய்களிடம் ரேபிஸ் 92 சதவீதம் குறைந்தது. மனிதச் சாவும் நின்றது.

ஊர்க்காரர்களோடு பேசுவதும் தன்னார்வலர் வேலைதான். ஒருமுறை மீன் சந்தையில் ஒரு நாய் எங்கள் வலைக்கு அரைமணி நேரம் தண்ணி காட்டியது. மீன் விற்கும் பாட்டி ஒருவர் மத்தித் தலையைக் காட்டிக் கூப்பிட்டார். வந்து மடியில் படுத்தது. ஊசி முடியும் வரை அதன் காதை நீவிக்கொண்டே இருந்தார். அப்படிப்பட்டவர்களைத் தெருவுக்குத் தெரு கண்டுபிடித்துத் தாருங்கள்; வலைக்காரர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

சில முகாம்களில் பங்கேற்புக் கட்டணம் உண்டு. அது எதற்குச் செலவாகிறது என்று தயங்காமல் கேளுங்கள். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் தெர்மாமீட்டர் வைக்கிறார்களா என்றும் கேளுங்கள். அவர்கள் உங்களிடம் ரேபிஸ் ஊசிச் சான்று கேட்கவில்லை என்றால், அந்த முகாமுக்குப் போகாதீர்கள்.